பழி பல்பின் மேல்

பழைய கார் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் எங்கே கூடினாலும் பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்: "ஹெட்லைட் மங்கலா? எல்இடி போட்டுவிடுங்கள். பழையதைக் கழற்று, புதியதைச் செருகு, அவ்வளவுதான்." சொல்பவருக்கு ஐயமே கிடையாது. கேட்பவரும் தலையாட்டுகிறார். கார் மோரிஸ் மைனரோ, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ, டட்சன் 120ஒய்யோ, எதுவானாலும் இதே மருந்துதான். பழைய விளக்கு மங்கல், எல்இடி பிரகாசம், ஆகவே எல்இடி பாதுகாப்பு என்று வாதம் மூன்றே எட்டில் முடிந்துவிடுகிறது. முதல் எட்டு பாதி உண்மை. அந்தப் பாதியின் மேல்தான் மற்ற இரண்டும் ஏறி நிற்கின்றன.

பழமை கெட்டுவிடும் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. பழைய காருக்கு சீட் பெல்ட் போடுங்கள், ரேடியல் டயர் போடுங்கள், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட முடிந்தால் அதையும் போடுங்கள். மஞ்சள் வெளிச்சம்தான் அழகு என்பது ரசனை. ரசனையை வைத்து யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. சட்டத்தையும் முதல் ஆயுதமாக எடுக்கப் போவதில்லை. தயாரிப்பாளர் பொருத்தாத எல்இடி, எச்ஐடி முகப்பு விளக்குகளைப் பின்னால் வாங்கிப் பொருத்துவதை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை, விதிமீறிய மாற்றத்துக்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் உண்டு என்பது பழைய கார்க்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் மாற்றுகிறார்கள். சட்டம் அசட்டுத்தனமானது, தங்கள் பல்பு புத்திசாலித்தனமானது என்று மனதார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பல்பு தானாகச் சாலையில் எதையும் காட்டுவதில்லை. அது நாலாபக்கமும் வெளிச்சத்தைக் கொட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வெளிச்சத்தைப் பிடித்து, குவித்து, இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு, எதிரே வருபவர் கண்ணுக்கு மிகக் குறைவு என்று பங்கிடுவது பின்னால் இருக்கும் கிண்ணமும் முன்னால் இருக்கும் வரியிட்ட கண்ணாடியும். 1971இல் வந்த எச்4 பல்பை எடுத்துக்கொள்வோம். இன்று ஓடும் பழைய கார்கள் பலவற்றின் ஏழு அங்குல வட்ட விளக்குக்குள் இருப்பது அதுதான். ஒரே கூட்டுக்குள் இரண்டு இழைகள். டிம் வெளிச்சத்துக்கான இழை ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேலான நீளம். அதன் அடியில் ஒரு சின்ன உலோகத் தொட்டில் இருக்கும். கிண்ணத்தின் கீழ்ப்பாதிக்கு வெளிச்சம் போகாமல் மறைப்பதே அதன் வேலை. மேல்பாதியில் பட்டுத் திரும்பும் ஒளி மட்டும் சாலையை நோக்கிக் கீழிறங்கும். எதிரே வருபவரின் கண் மட்டத்துக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்ற அந்தக் கோடு இப்படித்தான் பிறக்கிறது. நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கான ஐரோப்பிய வகை விளக்கில், அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்றே மேலேறும். நடைபாதையோரம் நிற்பவரைக் காட்ட வேண்டுமே.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒன்றை நம்பி நிற்கிறது: இழை இருக்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டிய பருமனில், எல்லாத் திசையிலும் ஒளிவிட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அதற்கான அளவுகளில் மில்லிமீட்டரின் பின்னங்களுக்கு மேல் விட்டுக்கொடுப்பே கிடையாது. எல்இடி பல்பில் உருளை இழை இல்லை. தட்டையான ஒரு பலகையின் இரு பக்கமும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. இடமும் வலமும் வெளிச்சம் பாயும். பலகையின் விளிம்பு பார்க்கும் திசையில் மங்கும். நல்ல தயாரிப்பாளர்கள் பலகையை மெலிதாக்கி, சில்லுகளை இழையின் இடத்துக்கே கொண்டுவந்து, போலித் தொட்டிலும் வைக்கிறார்கள். உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் முஸ்தபா கடைக்குப் பக்கத்துத் தெருவிலோ இணையக் கடையிலோ நாற்பது வெள்ளிக்கு வாங்குவது அந்த உழைப்பு அல்ல. அதைச் செருகிச் சுவரில் அடித்துப் பாருங்கள். கோடு கலைந்து, மேலே ஒரு புகை மூட்டம்போல வெளிச்சம் படர்ந்திருக்கும். அந்தப் புகைதான் எதிரே மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது.

லூமென் கணக்குக்கு வருவோம். இந்த விவகாரத்தில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது அதுதான். ஒரு எச்4 பல்பு 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1,000 லூமென், பிரைட்டில் சுமார் 1,650 லூமென் தரும். இது சர்வதேச விதியில் உள்ள அளவு. எல்இடிப் பெட்டியின் மேல் '20,000 லூமென்' என்று அச்சடித்திருக்கும். அதே பெட்டியின் பக்கவாட்டில் 'ஒரு பல்புக்கு 30 வாட்' என்றும் இருக்கும். ஒரு வாட்டுக்கு நூறு லூமென் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஜோடிக்கு 6,000 வரும். 20,000 எங்கிருந்து வந்தது என்று பெட்டியைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆறாயிரமும் முதல் சில நிமிடத்துக் கணக்கு. எல்இடி சூடானால் மங்கும். முதுகில் விசிறியைக் கட்டிக்கொண்டு, காற்றே புகாத பழைய லூக்காஸ் கிண்ணத்துக்குள், இரவிலும் இருபத்தேழு பாகை இருக்கும் நம் ஊரில், அது எவ்வளவு சுகமாக மூச்சுவிடும்?

சரி, உண்மையிலேயே வெளிச்சம் கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கூடியது எங்கே? பெரும்பாலும் காரின் மூக்குக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில். ஓட்டுபவருக்கு அது பரம திருப்தி. சாலை பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் கண் தன் பாவையைச் சுருக்கிக்கொள்வது கண்ணுக்கு முன்னால் உள்ள வெளிச்சத்தைப் பார்த்துத்தான். பக்கம் பளிச்சிடப் பளிச்சிட, தூரம் இருள்கிறது. 'நன்றாகத் தெரிகிறது' என்ற உணர்வும் நன்றாகப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஆபத்தும் அங்கேதான், தெரிகிறது என்று நம்புபவர் வேகத்தைக் குறைப்பதில்லை.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாலஜன் 3,200 கெல்வின் பக்கம், மஞ்சள் சாய்ந்த வெள்ளை. சந்தையில் விற்கும் எல்இடி 6,000, 6,500. நீலம் கூடிய ஒளி அதே அளவிலேயே கண்ணை அதிகம் கூசவைக்கும், ஈரச் சாலையில் இன்னும் அதிகம். பிரான்ஸ் 1993 வரை மஞ்சள் விளக்கைக் கட்டாயமாக்கி வைத்திருந்தது இந்தக் கண்கூச்சத்துக்கு அஞ்சித்தான். அதோடு, பழைய கார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் அல்லர். இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றிலொரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. கூச்சத்திலிருந்து மீளவும் நேரம் பிடிக்கும். தன் வயதொத்த இன்னொருவர் எதிரே வருகிறார் என்பதை நம் நண்பர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

"அப்படியானால் என் ஹெட்லைட் மங்கல் என்பது பொய்யா?" பொய்யில்லை. மங்கல்தான். ஆனால் அது பல்பின் குற்றமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

பல பழைய கார்களில் விளக்குக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகிறது. பாட்டரியிலிருந்து கிளம்பி, சுவிட்சுக்குள் நுழைந்து, ஸ்டியரிங் அருகிலோ காலடியிலோ இருக்கும் டிம் சுவிட்சைக் கடந்து, இன்ஜின் தடுப்புச் சுவரின் இணைப்பிகளைத் தாண்டி, ஐம்பது வருட மெல்லிய வயரில் முன்னால் போய், துருப்பிடித்த ஒரு திருகின் வழியாக எர்த் ஆகிறது. இரண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். வழியில் ஒவ்வொரு முனையும் கொஞ்சம் வரி வசூலிக்கும். வண்டி ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் முதுகில் 12 வோல்ட்தான் இருக்கிறது என்று வையுங்கள். இது ஒன்றும் அபூர்வமான நிலை அல்ல. மின்னழுத்தம் நூற்றுக்குப் பதின்மூன்று குறைந்திருக்கிறது. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4ஆவது அடுக்கில் குறைகிறது. போனது பதின்மூன்று அல்ல, நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதாவது ஐந்தில் இரண்டு பங்கு வெளிச்சம் வயருக்குள்ளேயே செத்துவிட்டது. இதற்கு மேல் கிண்ணத்தின் வெள்ளி கறுத்திருக்கும். நம் ஊர் ஈரப்பதம் அதை விட்டுவைக்காது. சிலர் அதற்குக் குரோம் பூச்சு போட்டு வாங்கிவருகிறார்கள். கண்ணுக்கு அது முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும்; ஆனால் குரோம் திருப்பி அனுப்புவது விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்குதான், நல்ல வெள்ளியோ தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல்.

இந்தப் பட்டினி கிடக்கும் பல்பின் பக்கத்தில்தான் எல்இடியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எல்இடிக்குள் இருக்கும் மின்சுற்று ஒன்பது வோல்ட் வந்தாலும் பதினாறு வந்தாலும் சில்லுகளுக்கு ஒரே அளவுதான் கொடுக்கும். வயர் எவ்வளவு கெட்டிருந்தாலும் அது எரியும். "முன்", "பின்" என்று எடுத்துக் காட்டும் படங்களின் ரகசியம் இதுதான். சாப்பிடாதவனையும் சாப்பிட்டவனையும் ஓடவிட்டு, யார் பலசாலி என்று கேட்கிறார்கள். நோய் அப்படியே இருக்கிறது. உடைந்தது காய்ச்சல்மானி மட்டும். அதே துருப்பிடித்த எர்த் நாளை ஹாரனையும் வைப்பரையும் கைவிடும்போது, எச்சரித்திருக்க வேண்டிய மங்கல் விளக்கு அங்கே இருக்காது.

பரிகாரம் மலிவானது, அதனாலேயே கவர்ச்சியற்றது. இரண்டு ரிலே, இரண்டு ஃபியூஸ், கொஞ்சம் தடித்த வயர். சிம் லிம் டவரில் ஒரு நடை நடந்தால் சில பத்து வெள்ளிக்குள் முடியும். பழைய சுவிட்ச் ரிலேயைத் தூண்ட மட்டும். விளக்குக்கான மின்சாரம் பாட்டரியிலிருந்து நேராக. எர்த் முனையைச் சுரண்டிப் புதிதாகக் கட்டுங்கள். கண்ணாடி மங்கிக் கிண்ணம் கறுத்திருந்தால் முழு விளக்கையே நல்ல எச்4 விளக்காக மாற்றுங்கள். ஏழு அங்குலம் உலகப் பொது அளவு, இன்னும் செய்கிறார்கள். வாங்கும்போது அது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானதா என்று பாருங்கள். ஜெர்மனியிலிருந்து ஆசையாக வரவழைத்து, எதிர்வருபவர் முகத்தில் அடிப்பவர்கள் உண்டு. பிறகு மட்டம் பிடித்துச் சரிசெய்யுங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் போதவில்லை என்று சொல்பவரோடு நான் உட்கார்ந்து பேசத் தயார். அவரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி, போதவில்லை என்றால் எதற்குப் போதவில்லை? இந்த ஊரின் சாலைகளை நினைத்துப் பாருங்கள். பொதுச் சாலைகளின் ஏறத்தாழ 95,000 தெருவிளக்குகளையும் 2022க்குள் எல்இடியாக மாற்றுவதென்று ஆணையம் திட்டமிட்டு மாற்றியது. ஆரஞ்சு நிற சோடியம் இரவுகளைக் கண்டவர்களுக்கு இன்றைய சிராங்கூன் சாலை பகல் மாதிரி. தீபாவளி ஒளியூட்டு வந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு கூரையே போட்டுவிடுகிறார்கள். வேக வரம்பு பொதுவாக 50, விரைவுச்சாலையில் 70 முதல் 90. ஆணையத்தின் மரபுவாகனத் திட்டத்தில் பதிவான, குறைந்தது 35 வயதான கார் என்றால் ஆண்டுக்கு 45 நாள்தான் வெளியே வரலாம். 1940க்கு முந்தியது என்றால் 28 நாள். மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி இருட்டுக்குப் பயந்து போட்டதல்ல. இந்த ஊரில் ஹெட்லைட்டின் முதல் வேலை காட்டுவதல்ல, காட்டிக்கொள்வது.

"அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், பிரகாசமாக இருந்தால் நம்மைக் கவனிப்பார்கள்" என்பார்கள். ஞாயிறு மாலை தேக்காவுக்கு வாருங்கள். பஃப்ளோ சாலை, ரேஸ் கோர்ஸ் சாலை, சையது அல்வி சாலை எங்கும் வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு வந்த ஊழியர்கள். ஐந்தடியில் இடம் போதாமல் சாலையில் இறங்கி நடக்கிறார்கள், கையில் மளிகைப் பை, காதில் ஊருக்குப் போட்ட அழைப்பு. எதிரெதிராக இரண்டு கார்கள். ஒன்றின் விளக்கு கண் மட்டத்துக்கு மேல் வெள்ளையாகச் சிதறுகிறது. அந்தக் காரை எல்லோரும் கவனிக்கிறார்கள், உண்மைதான். அந்த விளக்குக்குப் பக்கத்தில் சாலையைக் கடக்கிற ஆளை மற்ற காரின் ஓட்டுநர் பார்க்க முடிவதில்லை. கூசும் விளக்கு தன்னைக் காட்டிக்கொள்ளும் விலையை வேறொருவர் கொடுக்கிறார், அதுவும் காருக்கு வெளியே, காலில் நடந்து போகிறவர்.

எதிர்த்தரப்பில் நேர்மையான வாதம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதைச் சொல்வதேயில்லை என்பது வேறு விஷயம். பழைய டைனமோ தாங்காது என்பதுதான் அது. லூக்காஸ் சி40 டைனமோ முழு மூச்சில் தருவது 22 ஆம்பியர், சிவப்பு விளக்கில் நிற்கும்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மழையில் வைப்பரும் ஓடி, ஹெட்லைட்டும் எரிந்தால் பாட்டரி வடிகிறது. எல்இடி போட்டால் நான்கைந்து ஆம்பியர் மிச்சம். மிச்சம்தான். ஆனால் அதே மிச்சத்தை வண்டியின் பின்பக்கத்தில் எடுக்கலாமே! பின்விளக்கு, பக்கவிளக்கு, எண்தகட்டு விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்து மூன்று ஆம்பியர். பிரேக் விளக்கு இரண்டும் 42 வாட், மூன்றரை ஆம்பியர், அதுவும் சந்திப்பில் காலை அழுத்திக்கொண்டு நிற்கும் நேரத்தில், டைனமோ தூங்கும் அதே நேரத்தில். இங்கே கிண்ணமும் இழையும் அவ்வளவு கறாரல்ல. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடி, பாட்டரியின் நேர்முனை எர்த் ஆகியிருக்கும் கார் என்றால் அதற்கேற்ற பல்பு, இண்டிகேட்டருக்கு வேறு ஃபிளாஷர், ஆய்வு நிலையத்தில் ஒரு வார்த்தை. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம் பிரேக் தெளிவாகத் தெரியும். எல்இடி பழைய காருக்கு உண்மையிலேயே உதவுகிற இடம் அது. அங்கே யாரும் போடுவதில்லை. இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் அது தெரியாதே.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. இழை பல்பின் சூடு விளக்குக்குள் புகுந்த ஈரத்தை உலர்த்திவிடும். எல்இடி முன்பக்கம் சூடே தராது, பருவமழை மாதங்களில் கண்ணாடி உட்புறம் வியர்த்தபடி நிற்கும். மலிவான மின்சுற்று வானொலியிலும் கை வைக்கும். ஒலி 96.8இல் பாட்டுக்குப் பதில் இரைச்சல் வந்தால் நிலையத்துக்குத் தொலைபேச வேண்டாம், விளக்கை அணைத்துப் பாருங்கள்.

கடைசியாக வெளிநாட்டுச் சாட்சிகள். "பிரிட்டனில் அனுமதி இருக்கிறது, ஜெர்மனியில் அனுமதி இருக்கிறது, நம் ஊர்தான் பிடிவாதம் பிடிக்கிறது." பிரிட்டனின் வருடாந்தர வாகனச் சோதனையில், 1986 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் முதன்முதலாகச் சாலைக்கு வந்த காரை, ஹாலஜன் விளக்கில் எல்இடி பல்பு போட்டதற்காக மட்டும் தோற்கடிக்க வேண்டாம் என்று இருக்கிறது. அது சோதனையாளருக்குச் சொன்ன விலக்கு. விளக்குக்குக் கொடுத்த நற்சான்று அல்ல. அதே சோதனையில் ஒளியின் மட்டம் தவறினால் தோல்விதான். அந்தத் தேதிக்குப் பின் வந்த கார்களுக்கு அதே மாற்றம் கூடாது என்று அதே ஏடு சொல்வதை மேற்கோள் காட்டுபவர்கள் படிப்பதில்லை. ஜெர்மனி 2020இல் திறந்த கதவு இன்னும் குறுகலானது. குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட பல்பு, எந்தெந்த வாகனத்தின் எந்தெந்த விளக்கில் சோதித்துத் தேறியதோ அந்தப் பட்டியலுக்குள் மட்டும். ஒவ்வொரு கிண்ணத்தோடும் சேர்த்துச் சோதிக்காமல் பல்பை நம்ப முடியாது என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்கிறது. நம் நண்பர்கள் தங்களுக்குச் சாதகமாக அழைத்து வந்த சாட்சி அது.

காஸ்வே தாண்டி இரவில் மலாக்கா போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தெருவிளக்கு இல்லாத சாலை உண்மையான பிரச்சினைதான். கிண்ணம் சுத்தமாக, எர்த் சரியாக, பல்பின் முதுகில் முழு 13 வோல்ட்டோடு எரியும் ஜோடி எச்4 பிரைட்டில் தருவது மூவாயிரம் லூமெனுக்கு மேல், அத்தனையும் தூரத்தை நோக்கி. அந்த வயதுக் கார் மணிக்கு எண்பதில் போவதற்கு அது தாராளம். கிளம்புவதற்கு முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, பாட்டரி முனையில் ஒருமுறையும் பல்பின் முனையில் ஒருமுறையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கடைக்குப் போய் வாங்க வேண்டியது வயர்.